சைக்காலஜிஸ்ட் சொல்வதற்கெல்லாம் "சரிங்க" என்றால் குணமாகிவிடுமா?

வாசகர் கேள்வி, 6 ஜனவரி 2024

ஆறு மாசமா ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட போறேன். நல்ல மனுஷர், நல்லா படிச்சவர். சொல்லித் தர்ற பயிற்சியில எந்தக் குறையும் இல்ல. ஆனா அவரோட எனக்கு ஒட்டல. வீட்டுல கேட்டா, "டாக்டரைப் பிடிக்கணும்னு என்ன இருக்கு, வைத்தியம் சரியா இருந்தா போதாதா"ங்கிறாங்க. ஆள் யாருங்கிறது நெசமாவே அவ்வளவு முக்கியமா?

6 ஜனவரி, இரவு 10:40

முக்கியம். வீட்டில் சொல்வது பல் பிடுங்கப் போகும்போது சரி. பல் டாக்டரைப் பிடிக்காவிட்டாலும் பல் வந்துவிடும். பேச்சையே வைத்து நடக்கிற வைத்தியத்தில் எதிரில் இருப்பவரைத் தனியாகக் கழற்றி வைக்க முடியாது.

நான் இரண்டு பேரிடம் போனவள். 2018 கடைசியில் அப்பா போய்ச் சேர்ந்தார். அடுத்த பிப்ரவரியில் ஆரம்பித்தது: பஸ்ஸில் ஏறினால் மூச்சு முட்டும், ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை தூக்கம் கிடையாது. முதலாமவரிடம் 11 தடவை போய்விட்டு நின்றுவிட்டேன். இரண்டாவது ஆளிடம் ஒன்றரை வருடம். இரண்டு பேரும் செய்தது கிட்டத்தட்ட ஒரே வைத்தியம்தான், சிபிடி என்பார்கள். மனசில் ஓடுகிற எண்ணத்தை எழுதிப் பார்ப்பது, பயப்படுகிற இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போவது. ஒருவரிடம் ஒன்றும் நகரவில்லை. இன்னொருவரிடம் நகர்ந்தது.

நாளைக்கு எழுதுகிறேன். ஷிப்மென்ட் தேதி கழுத்தில் நிற்கிறது.

7 ஜனவரி

முதலில் எண்கள். இதைப் பற்றி வந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018-இல் ஃப்ளூக்கிகர், டெல் ரே, வாம்போல்ட், ஹார்வத் நாலு பேரும் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். 295 ஆய்வுகள், 30,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். தெரபிஸ்ட்டோடு அமைகிற கூட்டுக்கும் (இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்கிற உறவு) கடைசியில் கிடைக்கிற பலனுக்கும் இடையே ஒட்டுறவுக் கெழு 0.278. (தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1.) இதே தொடர்பை 1991-இல் 24 ஆய்வுகளை வைத்துப் பார்த்தபோது 0.26 வந்தது. நடுவில் 27 வருடம், எத்தனையோ புது சிகிச்சை முறைகள் வந்துவிட்டன. எண் பெரிதாக அசையவில்லை.

8 ஜனவரி, காலை

"0.278-ஐ வர்க்கம் பண்ணினா 8 சதவீதம்தான், இதுக்கா இவ்வளவு பேச்சு" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்கு சரி. ஒருவருக்கு நன்றாகக் குணமாகிறது, இன்னொருவருக்கு ஆகவில்லை. அந்த வித்தியாசத்தில் சுமார் 8 சதவீதத்தை இந்த உறவோடு சேர்த்துச் சொல்லலாம் என்று அர்த்தம். சின்ன எண்தான். ஆனால் ஒழுங்காக நடத்துகிற ஒரு சிகிச்சை முறைக்கும் இன்னொரு முறைக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு என்று வாம்போல்ட் கணக்குப் போட்டபோது, அதிகபட்சம் 1 சதவீதம் என்று வந்தது. எந்த முறை நல்ல முறை என்று நாம் மாதக்கணக்கில் தேடுகிறோம். ஆள் எப்படி என்று தேடுவதற்குப் பக்கத்து வீட்டு அக்கா சொல்வதே போதும் என்று விட்டுவிடுகிறோம்.

8 ஜனவரி, இரவு

கேள்வி கேட்டவர் "ஒட்டல" என்று எழுதியிருந்தார். அந்தச் சொல்லிலேயே நான் இரண்டு வருடம் மாட்டிக்கொண்டிருந்தேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979-இல் இந்தக் கூட்டை மூன்றாகப் பிரித்தார். எதற்காக வருகிறோம் என்பதில் இரண்டு பேருக்கும் ஒப்புதல் இருக்கிறதா. அதற்குச் செய்கிற வேலை இதுதான் என்பதில் ஒப்புதல் இருக்கிறதா. மூன்றாவதுதான் பாசம், நம்பிக்கை, ஒட்டுதல்.

என் முதல் தெரபிஸ்ட்டிடம் மூன்றாவது நிறையவே இருந்தது. அறுபது வயதுக்காரர், உள்ளே போனதும் "வா கண்ணு, சாப்ட்டியா" என்பார். அந்தக் குரலைக் கேட்டாலே பாதி பாரம் இறங்கினாற்போல இருக்கும். ஆனால் அவர் வைத்திருந்த இலக்கு நான் பயமில்லாமல் பஸ்ஸில் போவது. எனக்குள் இருந்தது வேறு, அதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. வேலையைப் பொறுத்தவரை, தினமும் எண்ணங்களை எழுதச் சொல்லி ஒரு நோட்டு கொடுத்தார். நான் ஏழு நாள் கணக்கையும் அவர் க்ளினிக்குக்கு எதிர் பேக்கரியில் உட்கார்ந்து, பேனாவை மாற்றி மாற்றி அரை மணி நேரத்தில் எழுதுவேன். அவர் படித்துவிட்டு "பரவால்ல, நல்லா பண்றே" என்பார். "சரிங்க" என்று எழுந்து வருவேன்.

அவரை எனக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே அவரிடம் பொய் சொன்னேன்.

10 ஜனவரி

"பிடிச்சவங்ககிட்ட ஏங்க பொய் சொல்லணும்" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். கொங்குப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்கள் கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் "சரிங்க" என்பதற்குச் சம்மதம் என்ற பொருள் எப்போதும் கிடையாது. பெரியவர் பேசினதைக் கேட்டுக்கொண்டேன் என்று பொருள். மறுத்துச் சொல்ல வேண்டியதைக்கூட "சரிங்க, பாக்கலாம்ங்க" என்றுதான் சொல்வோம். எதிரில் இருப்பவரும் இந்த ஊர்க்காரராக இருந்தால் மறுப்பைக் கண்டுபிடித்துவிடுவார், கல்யாணப் பேச்சில் எல்லாம் அப்படித்தான் நடக்கிறது. சிகிச்சை அறையில் அது நடப்பதில்லை. அங்கே நான் சொல்கிற சொல்தான் அவருக்குக் கிடைக்கிற ஒரே தகவல்.

உளவியலாளர்கள் ஜெரமி சஃப்ரானும் கிறிஸ்டோஃபர் முரானும் இந்தக் கூட்டில் விழுகிற விரிசலை இரண்டு வகையாகப் பார்த்தார்கள். ஒன்று நேருக்கு நேர் மோதுவது: "நீங்க சொல்றது எதுவும் எனக்கு உதவல" என்று கோபமாகச் சொல்வது. இன்னொன்று ஒதுங்கிக்கொள்வது: பேச்சை மாற்றுவது, சுருக்கமாகப் பதில் சொல்வது, எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது. இரண்டாவதைப் படித்தபோது எனக்குக் கை நின்றுவிட்டது. நான் மரியாதை என்று நினைத்து 11 தடவை செய்தது முழுக்க அதுதான்.

10 ஜனவரி, சற்று நேரம் கழித்து

"கண்ணு" பற்றியும் சொல்லிவிடுகிறேன், விட்டால் தைரியம் போய்விடும். என் அப்பா என்னைக் கூப்பிட்ட பெயர் அது.

மூன்று வருடம் அவரைப் பார்த்துக்கொண்டது நான். டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு நாள் கூட்டிக்கொண்டு போனது நான். ஆஸ்பத்திரியில் கடைசி மூன்று நாளும் பக்கத்தில் நான்தான் இருந்தேன். அந்த மூன்று நாளும் அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி வந்துட்டானா கண்ணு, தம்பி வந்துட்டானா." தம்பி பெங்களூரிலிருந்து கிளம்பி வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

இந்தக் கோபத்தை, என்னைக் "கண்ணு" என்று கூப்பிடுகிற ஒரு மனிதரிடம் நான் எப்படிச் சொல்வேன்?

11 ஜனவரி

நேற்று எழுதியதற்கு இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் படித்தேன். தனிச் செய்தியில் ஒருவர், உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தார். அவருக்குப் பதில் போட்டுவிட்டேன். படிக்கிற வேறு யாருக்காவது அப்படி இருந்தால் டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். இந்த இழையை அப்புறம் படித்துக்கொள்ளலாம், முதலில் கூப்பிடுங்கள்.

13 ஜனவரி

இரண்டாவது தெரபிஸ்ட்.

கோயம்புத்தூரில். திருப்பூரிலிருந்து பஸ்ஸில் போக வேண்டும், பஸ்தான் எனக்குப் பயம். முதல் மாதம் அவினாசி ரோட்டில் தம்பி பைக்கில் கொண்டுபோய் விட்டான். (அவன் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்தான். அவன் மேலும் எனக்குக் கோபம் இருந்தது, அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டே கோபப்பட்டேன்.)

என்னைவிட நாலு வயது சின்னவர் அந்தப் பெண். உட்கார்ந்ததும் கேட்டது: "என்னை எப்படிக் கூப்பிட உங்களுக்கு வருது? மேடமா, பேரா, டாக்டரா?" டாக்டர் இல்லை, சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டார். நான் மேடம் என்றேன். "சரி. நான் உங்களை நீங்கன்னுதான் சொல்வேன்." முதலில் குளிராகத்தான் இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர், டிஷ்யூ டப்பா, சுவரில் கடிகாரம். "சாப்ட்டியா" இல்லை. அம்மாவிடம், "இந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும், சின்னப் புள்ள" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது.

ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் ஒரு தாள் கொடுப்பார். அதில் நாலு கோடு, ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர். இன்றைக்கு நான் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார்களா, நான் பேச நினைத்ததைப் பேசினோமா, இந்த வழி எனக்கு ஒத்து வருகிறதா, மொத்தத்தில் எப்படி. கோட்டில் எங்கே வேண்டுமோ அங்கே ஒரு குறி போட வேண்டும். இடது ஓரம் மோசம், வலது ஓரம் நல்லது. வெளிநாடுகளில் பல வருடமாகப் புழக்கத்தில் இருக்கிற தாள்தான். நான் நாலிலும் வலது ஓரத்தில் போட்டுவிட்டு வந்தேன். மூன்றாவது வாரம் அவர் சொன்னார்: "எல்லாத்துக்கும் பத்துப் போடறீங்க. பத்து வந்தா நான் அடுத்த வாரம் என்ன மாத்தணும்னு எனக்குத் தெரியாமப் போயிடுது."

நான் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். இது எனக்குச் சட்டென்று பிடிபட்டிருக்க வேண்டும். சாம்பிள் அனுப்பி, பையரிடமிருந்து கமெண்ட் ஒன்றும் இல்லாமல் ஓகே என்று மட்டும் வந்தால் எனக்கு வயிறு கலக்கும். அவன் பிரித்தே பார்க்கவில்லை என்று அர்த்தம், பல்க் (மொத்தச் சரக்கு) போனபிறகு பிரச்சினை வெடிக்கும். கழுத்துப் பட்டி கால் அங்குலம் இறங்கியிருக்கிறது என்று எழுதுகிற பையர்தான் நமக்கு நல்லவன். வேலையில் இவ்வளவு தெரிந்த நான் அங்கே போய் ஓகே, ஓகே என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

13 ஜனவரி, தொடர்ச்சி

ஐந்தாவது வாரம் ஆஸ்பத்திரி விஷயத்தை முதல்முறையாக ஆரம்பித்தேன். "தம்பி வந்துட்டானா" என்று சொல்லும் இடத்தில் அவர் கண் ஒரு நொடி சுவர்க் கடிகாரத்துக்குப் போய் வந்தது. நான் நிறுத்திவிட்டேன். வேறு என்னமோ பேசினேன். தாள் வந்தது. கை தானாக வலது ஓரத்துக்குப் போனது, முதல் கோட்டில் மட்டும் கொஞ்சம் தள்ளி விழுந்துவிட்டது.

ஸ்கேல் வைத்துப் பார்த்தார். "இங்க ஒரு விரக்கடை குறைஞ்சிருக்கு."

"ஒண்ணுமில்லீங்க மேடம்."

அவர் பேசவில்லை. நேரம் முடிந்திருந்தது, வெளியே அடுத்த ஆள் இருந்தார், இருந்தும் பேசாமல் இருந்தார். கடைசியில் நான், "நீங்க மணி பாத்தீங்க" என்றேன். சொன்னதும் எனக்கு வெலவெலத்துவிட்டது.

"ஆமா, பாத்தேன். அடுத்தவங்க காத்திருக்காங்கன்னு ஒரு நெனப்பு போச்சு. நீங்க அப்பாவைப் பத்திச் சொல்லிட்டிருந்த நேரத்துல போச்சு. அது என் தப்பு. உங்களுக்கு அது எப்படி இருந்துச்சு?"

"அவரும் கதவையே பாத்துட்டிருந்தாருங்க" என்றேன். அதற்கு மேல் அன்றைக்குப் பேச்சு வரவில்லை.

அடுத்த வாரம் அங்கிருந்துதான் ஆரம்பித்தோம். பஸ், மூச்சு, தூக்கம் எல்லாம் அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. நோட்டை அன்றன்றைக்கு எழுத ஆரம்பித்தேன். நாலாவது மாதம் தனியாக பஸ் ஏறினேன், பல்லடம் வரைக்கும்தான்.

14 ஜனவரி

ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்: உடம்பு தேறுகிறவனுக்கு டாக்டரைப் பிடிக்கத்தானே செய்யும்? பிடித்ததால் தேறினார்களா, தேறியதால் பிடித்ததா?

இந்தச் சந்தேகம் ஆய்வாளர்களுக்கே உண்டு. 1990-இல் டெருபெய்ஸும் ஃபீலியும் 25 டிப்ரஷன் நோயாளிகளை வைத்துப் பார்த்தபோது, முதலில் முன்னேற்றம், அதன் பிறகுதான் நல்லுறவு என்று தெரிந்தது. சின்ன ஆய்வு, ஆனாலும் கேள்வி சரியான கேள்வி. 2013-இல் ஸ்வீடனில் ஃபால்கன்ஸ்ட்ரோம் குழு ஆரம்ப சுகாதார மையங்களுக்கு வந்த 646 பேரை ஒவ்வொரு சந்திப்பிலும் அளந்தது. ஒரு வாரம் உறவு வழக்கத்தைவிட நன்றாக இருந்தால் அடுத்த வாரம் வேதனை குறைந்தது. வேதனை குறைந்தால் உறவும் மேம்பட்டது. இரண்டு பக்கமும் ஓடுகிறது.

என் விஷயத்தில் எது முதலில் என்று யோசித்துப் பார்த்தேன். மணி பார்த்ததைச் சொன்ன அன்றைக்கு எனக்கு எந்த முன்னேற்றமும் இல்லை, அதற்கு முந்தைய வாரம்தான் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதுவிட்டுத் திரும்பி வந்திருந்தேன். எனவே என் ஒருத்திக்கு உறவுதான் முந்தி என்று சொல்வேன்.

17 ஜனவரி

பொங்கலுக்கு வீடு ஒழித்தபோது முதல் தெரபிஸ்ட் கொடுத்த நோட்டு கிடைத்தது. ஒரு திருத்தம் போட வேண்டியிருக்கிறது.

8-ஆம் தேதிக் குறிப்பைப் படித்தவர்களுக்கு, அவர் ஒன்றும் கேட்காமல் தன் போக்கில் நடத்தியவர் என்று தோன்றியிருக்கும். எனக்கும் அப்படித்தான் ஞாபகம் இருந்தது. நோட்டில் மூன்றாவது வாரப் பக்கத்தின் கீழே என் கையெழுத்திலேயே இருக்கிறது: "இது ஒத்து வருதான்னு கேட்டார். சரிங்கன்னு சொன்னேன்." ஆறாவது வாரத்தில் மறுபடி: "வேற ஏதாவது மனசுல இருக்கான்னு கேட்டார்."

இரண்டு தடவை கேட்டிருக்கிறார். ஐந்து வருடமாக அவர் கேட்கவே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவர் மீது நான் வைத்த குறையில் பாதியை இங்கே திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

மீதிப் பாதி இருக்கிறது. பெரியவர் முகத்தைப் பார்த்துக் கேட்டால் என்னால் "சரிங்க" தவிர வேறு சொல்ல முடியாது. அதே கேள்வி தாளில் கோடாக வந்தபோது கை ஒரு விரக்கடை நகர்ந்தது. கேட்பதற்கு ஒரு வழி வேண்டும். அந்த வழியைக் கண்டுபிடிக்கிற வேலை கேட்கிறவருடையது.

19 ஜனவரி

"அனுபவசாலிக்கு நோயாளி முகத்தைப் பாத்தாலே தெரியும், தாள் எதுக்கு" என்கிறீர்கள். 2005-இல் அமெரிக்காவில் ஹன்னான் குழு செய்த ஆய்வைச் சொல்கிறேன். 550 நோயாளிகள். இவர்களில் யாருக்கு நிலைமை மோசமாகும் என்று தெரபிஸ்ட்களையே முன்கூட்டிச் சொல்லச் சொன்னார்கள். அவர்கள் 3 பேரைச் சொன்னார்கள். உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். சொன்ன 3 பேரில் ஒருவர்தான் அந்த 40-க்குள் இருந்தார். கெட்ட தெரபிஸ்ட்கள் என்று சொல்ல வரவில்லை. நம்பிக்கை இல்லாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது, அதே நம்பிக்கை கண்ணை மறைத்துவிடுகிறது.

20 ஜனவரி

பேச்சு எங்கோ போய், பேச்சு வைத்தியத்தின் முன்னோடியான வியன்னா டாக்டர் ஃப்ராய்டில் நிற்கிறது. நிற்கட்டும், எனக்கு டோரா கதையைச் சொல்ல வேண்டும்.

டோரா என்பது ஃப்ராய்ட் வைத்த பெயர். பதினெட்டு வயதுப் பெண். ஃப்ராய்டிடம் ஏற்கெனவே வைத்தியம் பார்த்த அப்பா, மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அப்பாவின் நண்பர் ஒருவர் தன்னிடம் தவறாக நடந்தார் என்று அவள் சொன்னதை அப்பா ஏற்கவில்லை. ஃப்ராய்ட் நம்பினார், ஆனால் உள்ளுக்குள் அவளுக்கே அந்த ஆள் மேல் ஆசை என்று அவளிடம் விளக்கினார். 1900 டிசம்பர் 31, சுமார் 11 வாரம் ஆனபிறகு, அவள் இதுதான் கடைசி நாள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். 1905-இல் இதை வெளியிட்டபோது, அவள் தன்னில் வேறு யாரைக் கண்டாள் என்பதை உரிய நேரத்தில் கவனிக்கத் தவறிவிட்டேன் என்று ஃப்ராய்டே எழுதினார்.

நானும் 11 வாரத்தில் நின்றவள் என்பதால் இந்தக் கதை எனக்கு இன்னும் ஆறவில்லை. அப்பாவுடைய டாக்டரிடம் அப்பாவைப் பற்றி அந்தப் பெண் என்ன சொல்லியிருக்க முடியும்?

23 ஜனவரி

மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது பொருந்துமா என்று கேட்டவருக்கு. பொருந்தும். அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம் நடத்திய பெரிய டிப்ரஷன் ஆய்வில் ஒரு குழுவுக்கு இமிப்ரமின் மாத்திரை, ஒரு குழுவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, மற்ற இரண்டு குழுக்களுக்குப் பேச்சு சிகிச்சை. 1996-இல் க்ரப்னிக் குழு அந்தத் தரவைப் பார்த்தபோது, நாலு குழுவிலும் உறவு நன்றாக இருந்தவர்களுக்குப் பலன் கூடுதல். வெற்று மாத்திரைக் குழுவிலும்கூட.

அதே தரவை 2006-இல் மெக்கே, இமெல், வாம்போல்ட் இன்னொரு மாதிரிப் பார்த்தார்கள். மாத்திரை கொடுத்த டாக்டர்கள் 9 பேர். பலனில் உள்ள வித்தியாசத்தில் மருந்தின் பங்கு 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, எந்த டாக்டர் என்பதன் பங்கு சுமார் 9. சிறந்த டாக்டர்களிடம் வெற்று மாத்திரை வாங்கியவர்கள், சுமாரான டாக்டரிடம் நிஜ மாத்திரை வாங்கியவர்களைவிட நன்றாக இருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். மருந்து வேலை செய்தது, அதை எழுதித் தருகிறவர் எப்படிப்பட்டவர் என்பதும் வேலை செய்தது. எனக்கும் ஏழு மாதம் மாத்திரை இருந்தது, டாக்டரிடம் சொல்லித்தான் குறைத்தேன்.

24 ஜனவரி

குரு சிஷ்ய உறவுதான் நமக்குச் சரி, இந்தக் கோடு போடுகிற வேலையெல்லாம் வெள்ளைக்காரனுக்கு என்று எழுதியவருக்கு.

இதை நீங்கள் சும்மா சொல்லவில்லை. மனநல மருத்துவர் ஜஸ்வந்த் சிங் நேக்கி 1973-இலேயே குரு சிஷ்ய உறவைச் சிகிச்சைக்கு மாதிரியாகக் கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார். வருகிறவர் வழிகாட்டலை எதிர்பார்த்துத்தான் வருகிறார், தெரபிஸ்ட் ஒதுங்கி உட்கார்ந்துகொண்டால் கைவிட்டதாக உணர்வார் என்பதில் உண்மை இருக்கிறது. என் அம்மா ஒரே ஒரு முறை என்னோடு உள்ளே வந்தார், வெளியே வந்ததும் சொன்னது: "ஒரு வழியும் சொல்லலியே கண்ணு, எல்லாத்தையும் உன்னையவே கேக்குறா."

ஆனால் சிஷ்யன் குருவிடம் "நீங்க மணி பாத்தீங்க" என்று சொல்ல முடியுமா? சொல்ல முடிகிற குரு கிடைத்தால் எனக்கு ஆட்சேபமே இல்லை.

24 ஜனவரி, இரவு

அம்மாவைப் பற்றி எழுதியதும் இன்னொன்று தோன்றியது. நான் இவ்வளவு நாள் இரண்டு பேர் உறவு என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன். நம் ஊரில் அந்த அறைக்கு ஒருவர் தனியாகப் போவது அபூர்வம். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் 1950-களில் தொடங்கிய காலத்திலிருந்தே நோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்து வைத்தியம் பார்க்கிறது. பஞ்சாபில், அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் குடும்பத்தினரை வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். கூட வருகிறவருக்குத் தெரபிஸ்ட்டின் மேல் நம்பிக்கை வராவிட்டால் நோயாளிக்கு அடுத்த முறை வண்டிக் காசு கிடைக்காது. எனக்கு வண்டி ஓட்டியதே தம்பிதான். ஒருநாள் அவனையும் உள்ளே கூப்பிட்டார் அந்த மேடம். அப்பா கேட்டுக்கொண்டே இருந்ததை நான் அவனிடம் சொல்லியிருக்கவே இல்லை. அன்றைக்குத்தான் சொன்னேன்.

27 ஜனவரி

"அப்ப நல்லா பேசத் தெரிஞ்ச யார் வேணாலும் செய்யலாமா?"

பாதி ஆமாம். 1979-இல் ஸ்ட்ரப்பும் ஹாட்லியும் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர்களில் ஒரு பகுதியைப் பயிற்சி பெற்ற தெரபிஸ்ட்களிடமும், இன்னொரு பகுதியை அன்பானவர்கள் என்று பெயரெடுத்த பேராசிரியர்களிடமும் அனுப்பினார்கள். சராசரியில் இரண்டு பக்கமும் ஒரே பலன்தான். நம் நாட்டிலேயே கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான டிப்ரஷன் உள்ள 495 பேரை வைத்து ஆய்வு நடந்தது. 6 முதல் 8 சந்திப்பு. 2017-இல் வந்த முடிவு: வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இந்த ஆட்களிடமும் பேசியவர்கள் நன்றாகத் தேறினார்கள்.

மறுபாதியைக் கவனியுங்கள். கோவாவில் அந்த ஆலோசகர்கள் பேசியதைப் பதிவு செய்து, கூட்டாகக் கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டுத் திருத்திக்கொண்டார்கள். நல்ல மனசு இருந்தால் போதும் என்று யாரும் அவர்களை விட்டுவிடவில்லை.

30 ஜனவரி

2020 லாக்டவுன் மாதங்களில் எனக்குப் போன் வழியாகத்தான் நடந்தது. வீட்டில் தனி அறை கிடையாது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து பேசுவேன். அம்மா துணி காயப்போட வந்தால் "ஆமாங்க மேடம், அந்த ஆர்டர் அனுப்பிட்டேங்க" என்று மாற்றுவேன். அவர் புரிந்துகொண்டு, "சரி, துணி காயட்டும்" என்று காத்திருப்பார். அப்போது இரண்டு பேருமே சிரித்துவிடுவோம். முகம் தெரியாததால் "இல்லீங்க" என்று சொல்வது எனக்கு லேசாக இருந்தது. முதல்முறையாக அவர் சொன்ன ஒரு விளக்கத்தை "அது அப்படி இல்லீங்க" என்று மறுத்தது அந்தத் தொட்டிப் பக்கத்தில்தான்.

3 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் இரண்டு வாரமாகப் படித்துவிட்டு நேற்று எழுதியிருக்கிறார்: தப்பு என் மேலதானா, நான்தான் ஒட்டாத ஆளா?

இல்லை. இதற்கு ஒரு ஆய்வே பதில் சொல்கிறது. பால்ட்வின், வாம்போல்ட், இமெல் 2007-இல் 80 தெரபிஸ்ட்களையும் அவர்களிடம் வந்த 331 பேரையும் எடுத்து, உறவில் தெரபிஸ்ட்டின் பங்கையும் நோயாளியின் பங்கையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். பலனோடு சேர்ந்து ஏறி இறங்கியது தெரபிஸ்ட்டின் பங்குதான். பலதரப்பட்ட ஆட்களோடும் கூட்டை அமைத்துக்கொள்ளத் தெரிந்தவர்களிடம் போனவர்கள் தேறினார்கள். ஒரே தெரபிஸ்ட்டிடம் போனவர்களுக்குள், யாருக்கு ஒட்டியது யாருக்கு ஒட்டவில்லை என்பது பலனை முடிவு செய்யவில்லை.

ஆகவே கூச்சப்படாமல் போய்ச் சொல்லுங்கள். அவரை மாற்றுவதற்கு முன் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். முகத்தைப் பார்த்துச் சொல்ல வராது என்றால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: நான் எதற்காக வருகிறேன், இந்தப் பயிற்சி எனக்கு எங்கே இடிக்கிறது, நீங்கள் சொன்ன எது என்னைச் சுட்டது. மூன்று வரி போதும். அவர் அதை எப்படி வாங்கிக்கொள்கிறார் என்று பாருங்கள். தற்காப்பில் இறங்கினால், "உங்க நோய்தான் இப்படிப் பேச வைக்குது" என்றால், வேறு ஆளைத் தேடுங்கள், குற்றவுணர்வு வேண்டாம்.

8 பிப்ரவரி

எழுதிக் கொடுத்துவிட்டாராம். இரண்டு வரிதான் எழுத வந்ததாம். தெரபிஸ்ட் படித்துவிட்டு, "இதை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் யோசிக்கலாமா, செவ்வாய்க்கிழமை இதை மட்டுமே பேசலாமா" என்று கேட்டாராம். இவர் வழக்கம்போல "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, படியிறங்கும்போது திரும்பிப் போய், "சார், இந்தச் சரி நெசமான சரி" என்றாராம்.

செவ்வாய்க்கிழமை போய்விட்டு வந்து எழுதுங்கள். மூன்றாவது வரியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.